டண்டினொங்குக்குச் சாவு சொல்லப் போனது

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "அன்ரி, ஒரு ஆளைத் தேடுறதெண்டால் எங்கையிருந்து தொடங்கிறது?" அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எந்தத் திரையில் எதைத் தட்டினால் எவர் வருவார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் கம்பியூட்டருக்கு இரண்டு தட்டுத் தட்டினால்தான் அது ஒழுங்காக ஓடும் என்று நம்பியவள் நான். நான் சொல்ல வருவது, கண்டுபிடித்த பிறகு படுகிற பாட்டை. செத்தவர்கள் எங்களுக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை, தேடினால் வந்துவிடுவார்கள். உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் கதவைத் திறப்பாரா, முகத்தில் அடித்தாற்போல் சாத்துவாரா என்பதுதான் எங்கள் தொழில்.

சிட்னியில் எங்கள் அலுவலகம் சின்னது. என் பூட்டன் யார், அவர் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாராவது வந்து கேட்டால் தேடிக் கொடுப்போம். வருகிறவர்கள் அனேகமாக வெள்ளைக்காரர்கள். ஐரிஷ் பூட்டனைத் தேடி வந்தவர்கள், மேசைக்குப் பின்னால் பொட்டு வைத்த யாழ்ப்பாணத்துப் பெண் இருப்பதைக் கண்டு, திரும்பிப் போய் வாசல் பலகையை இன்னொரு தடவை வாசித்துவிட்டு வந்ததும் உண்டு. ஆனால் சொந்தம் துருவுவதில் எங்கள் ஆட்களை வெல்ல யாரால் முடியும்? கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருப்பவரிடம் ஊர் கேட்டு, ஒழுங்கை கேட்டு, தாயின் பெயர் கேட்டு, சாப்பாடு வருவதற்குள் அவரைத் தூரத்து மச்சானாக்கி விடுகிற கூட்டம் நாங்கள். அதற்கு இந்த நாட்டில் சம்பளமும் தருகிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

உமா வந்தது சில வருடங்களுக்கு முன். மதுரைப் பக்கத்துப் பெண். ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்போடு, வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். கையில் ஒரு பழைய படம். கிருதா வைத்த வெள்ளைக்கார வாலிபன், பித்தளைப் பொத்தான் போட்ட பட்டாளச் சட்டை, இடுப்பில் பியூகிள் என்கிற பட்டாள ஊதுகொம்பு.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? அப்பாடா! இது எங்க தாத்தா. இவரு குடும்பத்தைத் தேடிக் குடுக்கணும்."

நான் படத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். "உம்மட தாத்தாவோ?" என்றேன்.

"என் மாமனாரோட தாத்தா. அப்ப எனக்கும் தாத்தாதானே ஆன்ட்டி?" என்று சிரித்தவள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டாள்.

விஷயம் இதுதான். உமா கட்டியது ஒரு வெள்ளைக்காரனை. அவன் மேற்கே தொலைவில் சுரங்கத்தில் வேலை செய்கிறவன், இரண்டு கிழமைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் அவளும் மாமனார் கென்னும்தான். எண்பதைத் தாண்டியவர். அவள் 'மாமா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது தன் செல்லப் பெயர் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் வைக்கிற ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பார். அந்த மனிதருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என்னை என் அம்மாவோடு புதைத்துவிடு.

கென்னுக்கு ஆறு வயதிருக்கும்போது தாய் ரூபி இறந்துபோனாள். அவளைப் புதைத்தது அவளுடைய தகப்பன் வாங்கி வைத்திருந்த கல்லறையில். அந்தத் தகப்பன்தான் படத்தில் இருந்த பட்டாளக்காரன், ஆர்தர். கல்லறையின் ஒரு பக்கத்தில் ஆர்தரும் அவர் மனைவியும், மறு பக்கத்தில் ரூபி. ரூபிக்கு மேலே இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. ஆறு வயதில் விட்டுப்போன தாயிடம் எண்பது வயதில் போய்ச் சேர ஒரு மனிதன் ஆசைப்படுகிறான். ஆனால் இடுகாட்டு நிர்வாகம் ஒரு முட்டுக்கட்டை போட்டது. கல்லறை ஆர்தர் பெயரில் இருக்கிறது, ஆகவே ஆர்தரின் வாரிசுகள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆர்தருக்கு மேபல் என்று ஒரு மூத்த மகளும் இருந்தாள் என்பது மட்டும் கென்னுக்குத் தெரியும். அவள் எங்கே போனாள், பிள்ளைகள் உண்டா, ஒன்றும் தெரியாது.

எப்படித் தேடினேன் என்று எழுதினால் கொட்டாவி விடுவீர்கள். முதலில் ஆர்தர் வந்தார். அவர் காலத்தில் நியூ சவுத் வேல்ஸ் ஒரு தனிக் காலனி, அதற்கென்று ஒரு தொண்டர் படை. கிழமை நாட்களில் அவரவர் தொழில், சனிக்கிழமை பட்டாளம். ஆர்தர் பரமட்டாவில் குதிரைச் சேணம் தைத்தவர், படையில் பியூகிள் ஊதியவர். கடல் கடந்து போய்ச் சண்டை போட்டார் என்பது கென்னின் வீட்டுக் கதை. அதில் ஒரு துளி உண்மையும் இல்லை. மனிதர் காலனியை விட்டு வெளியே காலடி வைக்கவில்லை. அவர் பட்ட ஒரே காயம், பயிற்சி முகாமில் குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. சேணம் தைக்கிறவன் சேணத்திலிருந்து விழுந்தான் என்று அந்த ஊர் எவ்வளவு சிரித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

இதைச் சாகக் கிடக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரி நடையில் உமா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, போருக்கே போகலன்னு சொல்லிடாதீங்க. சின்னப் பிள்ளையில இருந்து அதைத்தான் பெருமையா சொல்லிட்டிருக்காரு. ஏதாவது ஒரு சண்டையில நின்னாருன்னு சொல்லிடுங்களேன்."

"பிள்ளை, அந்த மனுசனுக்கு வருத்தம் உடம்பிலதான். புத்தி நல்லாத்தான் இருக்கு. பொய்யைக் குடுத்து அனுப்ப நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.  கதையைக் கேட்ட கென் கட்டில் ஆடும்படி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உமா ஓடிவந்து முதுகைத் தடவினாள். "குதிரையென்றால் எனக்குப் பயம். ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது" என்றார். அன்று முழுக்க வந்த நர்ஸ்மார் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னாராம். சாகப்போகிறவர்களைக் குழந்தைப்பிள்ளைகள் மாதிரி நடத்தாதீர்கள், அவர்களுக்கு உண்மை பிடிக்கும்.

அடுத்து மேபலின் வழி. ஆர்தர் பிடிவாதமான புரொட்டஸ்தாந்து. மேபல் ஒரு கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்டு மெல்பேர்ணுக்குப் போய்விட்டாள். தகப்பன் கதவைச் சாத்திவிட்டார். எங்கள் ஊரில் சாதி செய்கிற வேலையை அந்தக் காலத்தில் இங்கே வேதக்கோயில் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மேபலுக்கு ஒரே மகள், டொரத்தி. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தாள். மெல்பேர்ணை ஒட்டிய டண்டினொங்கில் மகன் கிரெக்கோடு இருந்தாள். அவளுடைய கையெழுத்து ஒன்று கிடைத்தால் காரியம் முடிந்தது.

எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. உடனே தொலைபேசியை எடுத்துவிட்டேன். ஆர்தரின் பேரன் கென் என்று ஒருவர் இருக்கிறார், சுகமில்லை, உங்கள் சம்மதம் வேண்டும் என்று நல்ல மரியாதையாகத்தான் சொன்னேன்.  மறுபக்கத்திலிருந்து டொரத்தியின் தெளிவான, நடுங்காத குரல் வந்தது.

"அந்தக் கிழவன் செத்தபோது என்ர அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பெத்த மகளுக்குச் சொல்லேல்லை. இப்ப கையெழுத்து வேணுமெண்டதும் எங்கட நம்பர் கிடைச்சிட்டுதோ?"

வைத்துவிட்டாள். டண்டினொங்கில் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், என் காதுக்குத் தமிழில் கேட்ட மாதிரி எழுதுகிறேன். திரும்ப எடுத்தால் மகன் கிரெக் வந்தான். அம்மாவைக் கரைச்சல் படுத்தினால் பொலிசுக்குச் சொல்லுவேன் என்றான்.

இடுகாட்டு அலுவலகத்தில் கேட்டபோது, தேடியும் ஒரு வாரிசைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சத்தியக் கடதாசி கொடுத்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார்கள். உமா அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் நிறைந்த ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்கு எதிரே இருந்தாள். முன்னால் வைத்த தோசை ஆறிப்போய்க் கிடந்தது.

"கிடைக்கலன்னு எழுதிடலாம் ஆன்ட்டி. யாருக்குத் தெரியப் போகுது? டாக்டர் இனி மாசக்கணக்குல பேசாதீங்கன்னு சொல்லிட்டாரு. அவரு போனப்புறம் கையெழுத்து வந்து என்ன பிரயோஜனம்?"

"அவ கிடைச்சிட்டா பிள்ளை. கதைச்சும் போட்டன். கிடைக்கேல்லையெண்டு எப்பிடி எழுதுறது?"

"மாமா காலைல கண்ணு முழிச்சதும் கேட்கிறாரு, அம்மாகிட்ட எப்பன்னு. நான் என்ன பதில் சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க!" கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள்.

எனக்கும் ஆசை வந்தது. வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஒரு வரி எழுதினால் ஒரு மனிதன் தாயிடம் போய்ச் சேருவான், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தக் குரலை நான் கேட்டுவிட்டேனே. ஆர்தரின் குடும்பம் ஏற்கனவே ஒரு தடவை மேபலையும் மகளையும் இல்லாத ஆட்களாக்கியது. இரண்டாம் தடவை அதை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சட்டம், நேர்மை என்று பெரிய வார்த்தை எதுவும் அப்போது என் மண்டையில் ஓடவில்லை. அந்தக் கிழவி பாவம் என்றுதான் ஓடியது.

அதோடு அவள் கோபம் எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் அலுவலகத்து வெள்ளைக்காரர்கள் "இத்தனை வருடத்துக்கு முந்தி நடந்ததுக்கா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. சாவுச் செய்தியை நேரில் வந்து சொல்லாமல் வைபரில் அனுப்பியதற்காக ஹோம்புஷிலேயே இரண்டு குடும்பம் இன்றைக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இரண்டும் ஒரே கட்டிடம், லிப்டில் சந்தித்தால் ஒன்று படியால் இறங்கும். கலியாணத்துக்குச் சொல்லாவிட்டால் மன்னிப்போம், செத்தவீட்டுக்குச் சொல்லாவிட்டால் மன்னிக்க மாட்டோம். அப்படியிருக்க, நானும் கையெழுத்துக்காகத் தொலைபேசியில் அல்லவா போயிருக்கிறேன்! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"பிள்ளை, உங்கட ஊரில ஒரு ஆள் செத்தால் சொந்தத்துக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டேன்.

"கேதம் சொல்ல ஆள் போகும். வீட்டுக்கே போய்ச் சொல்லணும். இல்லாட்டி சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. "ஐயையோ... ஆன்ட்டி! இப்பவா? ஆர்தர் தாத்தா செத்து எவ்வளவு காலமாச்சு!"

"பிந்திப் போச்சுத்தான். இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையே."

அந்தக் கிழமையே விமானம் ஏறினோம். உமாவின் புருஷன் லீவில் வந்து தகப்பனோடு நின்றான். சம்மதக் கடதாசியைக் கொண்டுவரக் கூடாது என்று உமாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சாவு சொல்லப் போகிறவள் பையில் கடதாசியோடு போனால் அது வியாபாரம். பழம், பூ, பிஸ்கற் ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு போவோம் என்றேன். ரயிலில் டண்டினொங் போய்ச் சேரும் வரைக்கும் அவள் என்னோடு பேசவே இல்லை. மாமனாரை விட்டு வந்தது ஒரு பக்கம், கடதாசி இல்லாமல் வந்தது மறு பக்கம். பயித்தியக்காரக் கிழவியை நம்பி வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

கதவைத் திறந்தவன் கிரெக். அறுபது வயது ஆம்பிளை, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். களஞ்சியசாலை வேலைக்குப் போட்ட மஞ்சள் சட்டை. நான் வாயைத் திறந்தேன். ரயிலில் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் தயாராக இருந்தது. அப்போதுதான் உறைத்தது: நான் யார்? சம்பளத்துக்கு வந்தவள். சாவைச் சொல்ல வேண்டியது சொந்தம். ஒரு அடி பின்னால் எடுத்து உமாவை முன்னுக்குத் தள்ளினேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"யார் நீங்கள்?" என்றான் கிரெக்.

உமா தலையை நிமிர்த்தினாள். "நான் உங்க குடும்பம். ஆர்தர் தாத்தா வீட்டு மருமக. டொரத்தி அத்தைகிட்ட ஒரு செய்தி சொல்லணும். சொல்லிட்டுப் போயிடுவேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். உள்ளேயிருந்து "யாரடா அது?" என்று அந்தக் குரல். என்ன நினைத்தானோ, விலகி நின்றான்.

டொரத்தி குசினி மேசையடியில் இருந்தாள். சின்ன உருவம், காது கேட்கிற கருவி, கண் மட்டும் ஊசி மாதிரி. உமா உட்காரவில்லை. நின்றபடியே, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"உங்க தாத்தா ஆர்தர் இறந்துட்டாரு. உங்க அம்மாகிட்ட அன்னைக்கே யாராவது வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. அந்த வீட்டுல இருந்து இன்னைக்கு நான் வந்திருக்கேன். ரொம்பப் பிந்தி வந்ததுக்கு எங்களை மன்னிக்கணும்."

 கிழவி கத்துவாள், கோப்பையை எறிவாள் என்று நான் ஆயத்தமாக நின்றேன். அவள் மகனைப் பார்த்து, "தண்ணியைக் கொதிக்க வை" என்றாள்.

தேநீர் வந்தது. கேதம் சொல்லப் போன வீட்டில் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்பது உமாவின் ஊர் வழக்கமாம், கோப்பையைத் தொடாமல் இருந்தாள். நான் கண்ணால் ஒரு முறைப்பு முறைத்தேன். எடுத்துக் குடித்தாள்.

பிறகுதான் டொரத்தி தொடங்கினாள். "எனக்கு அப்ப பத்து வயது. அம்மாவோட சந்தைக்குப் போனனான். முந்தி சிட்னியில அம்மா இருந்த தெருக்காரி ஒருத்தி அங்க எதிர்ப்பட்டாள். 'உன்ர அப்பாவின்ர சாவுக்காக மனம் வருந்திறன்' எண்டாள். அம்மாவுக்கு அதுக்கு முன்னம் ஒண்டும் தெரியாது. ஆனா அம்மா சிரிச்சுக்கொண்டு சொன்னா, 'ஓம், நல்ல மாதிரி நடந்தது, கனபேர் வந்தவை' எண்டு. என்ர கையை நெரிச்சுக்கொண்டு சொன்னா. வீட்டை வந்து தொப்பியையும் கழட்டாமல் இந்த மாதிரி ஒரு கதிரையில இருந்தா. இருட்டும் வரைக்கும் இருந்தா."

உமா அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். என்ன வெட்கம்?

"அவர் எப்பிடிச் செத்தார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். தேடியதெல்லாம் அப்போதுதான் பயன்பட்டது. நெஞ்சுச் சளியில் இறந்தார், வீட்டில்தான் இறந்தார், பழைய தொண்டர் படைக் கிழவர்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள், அவருடைய பியூகிளை அவர்களில் ஒருவர் ஊதினார் என்று தெரிந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். குதிரையிலிருந்து விழுந்ததையும் சொன்னேன். கிழவியின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

"கடைசியில அம்மாவைத் தேடினவரோ?"

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிடக் கொடியது ஒன்றில்லை. 'ஓம், தேடினார்' என்று ஒரு வார்த்தை. தொண்ணூறு வயதுக் கிழவி நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். கையெழுத்தும் வரும். உமா என்னைப் பார்த்த பார்வையில் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி ஒரு கெஞ்சல் இருந்தது.

"தெரியாது" என்றேன். "பக்கத்தில இருந்த ஆக்கள் ஒருத்தரும் இப்ப இல்லை. ஏன் உங்கட அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டவை எண்டும் எனக்குத் தெரியாது. தேடிப் பாத்தனான். கிடைக்கேல்லை."

அவள் தலையை ஆட்டினாள்.  உமாவும் நானும் எழுந்தோம், வெளியே வந்தோம், தெருவில் நடந்தோம். உமா ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்ல பிள்ளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தெருமுனை முடக்குக்கு வருவதற்குள் பின்னால் தடதடவென்று காலடி. கிரெக் ஓடிவந்தான். முகம் சிவந்து போயிருந்தது.

"என்ன ஆக்கள் நீங்கள்? வீட்டுக்குள்ள வந்து, தேத்தண்ணி குடிச்சு, அம்மாவைக் கலங்கப்பண்ணிப் போட்டு, ஒரு சொல் சொல்லாமல் எழும்பிப் போறியள்! போட்டு வாறம் எண்டு சொல்ல வாயில்லையோ? அம்மா சொல்லுறா, 'பாத்தியா, அந்தக் குடும்பம் திருந்தாது' எண்டு."

 உமாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லுகிற வழக்கம் எங்களுக்கு இல்லையே! சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவதுதான் மரியாதை. நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. மற்ற எதில் என்றாலும் யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் நூறு தர்க்கம் வரும், இதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போய் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம்.

திரும்பி ஓடினோம். டொரத்தி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றாள்.  உமா படியிலேயே முட்டுக்காலில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல சாவு நடந்த வீட்டுல இருந்து கிளம்பும்போது வர்றேன்னு சொல்ல மாட்டோம். சொன்னா, இன்னொரு சாவுக்கு வர்றேன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அந்த வீட்டுக்கு அப்படி இன்னொரு நாள் வரக் கூடாதுன்னுதான் பேசாம போவோம். பழக்கதோஷத்துல எழுந்து வந்துட்டோம்."

டொரத்தி என்னைப் பார்த்தாள், உண்மையா என்று கேட்கிற மாதிரி. ஓம் என்று தலையசைத்தேன்.

"அப்ப..." என்றாள். குரல் முதல் தடவையாக உடைந்தது. "நீங்கள் இதைச் செத்தவீடு எண்டு நினைச்சுத்தான் வந்தனீங்களோ? என்ர அம்மாவின்ர வீட்டைச் செத்தவீடெண்டு நினைச்சோ?"

"வேற என்ன நினைக்கிறது?" என்றாள் உமா.

அந்தக் கிழவி அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். பத்து வயதில் அழாமல் வைத்த அழுகை. கிரெக் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தட்டிக்கொண்டே நின்றான். கொஞ்சம் அடங்கியதும் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, அந்தக் கடதாசி எங்கே?" என்றாள்.

"கொண்டுவரேல்லை" என்றேன்.

"சிட்னியில இருந்து வந்திருக்கிறியள், கடதாசி கொண்டுவரேல்லையோ?"

"இண்டைக்கு அதுக்கு வரேல்லை."

டொரத்தி மகனைப் பார்த்தாள். "சரியான விசர்க் கூட்டம், பயித்தியங்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த நாள் கிரெக் தன் வேலைத்தலத்தில் அதை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டான்.

கென் அதைக் கேட்டுவிட்டு, டொரத்தியோடு பேச வேண்டும் என்றார். உமா தொலைபேசியை அவர் காதில் வைத்தாள். இரண்டு சகோதரிகளின் பிள்ளைகள், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. என்ன பேசப் போகிறார்களோ என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெல்பேர்ணில் மழையா என்று கென் கேட்டார். பிறகு புட்போல் பற்றி வாக்குவாதம். கடைசியில் மட்டும் டொரத்தி கேட்டாளாம், உன் அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. "கை மட்டும் ஞாபகம் இருக்கிறது" என்றார் கென். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் தொலைபேசியை வைக்கவும் இல்லை.

கென் போனபோது டண்டினொங்குக்கு அவருடைய மகனே விமானம் ஏறிப் போய்ச் சொன்னான். டொரத்தி சக்கர நாற்காலியில் சிட்னிக்கு வந்தாள். கென்னின் பெட்டி ரூபிக்கு மேலே இறங்கியதை நான் பார்த்தேன். உமா வாய்விட்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் அழுகிற மாதிரி அழுதாள். தலையைக் குனிந்து நின்ற வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு டொரத்தி இடுகாட்டுக்காரரைக் கூப்பிட்டு, அதே கல்லறையில் சாம்பல் போட்ட ஒரு சின்னச் செம்பு வைக்க இடம் வருமா என்று விசாரித்தாள். வரும் என்றார். "அம்மாவைக் கூப்பிடேல்லை. அவவுக்குப் பதிலா நான் வாறன்" என்றாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உமா அழைத்தாள். அழுகிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"ஆன்ட்டி, டொரத்தி அத்தை போயிட்டாங்க."

ஐயோ என்றேன். பிறகு, எப்போது, எப்படி என்று எதையும் கேட்காமல், "ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது?" என்றுதான் கேட்டேன்.

"கிரெக். காலைல கதவைத் தட்டுறாரு. விடிய விடிய காரோட்டி வந்திருக்காரு ஆன்ட்டி, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. போன் பண்ணியிருக்கலாமேன்னு கேட்டேன். உட்காரவே இல்ல. நின்னுக்கிட்டே சொன்னாரு, 'எங்கம்மா இறந்துட்டாங்க. உங்க வீட்டுக்குத்தான் முதல்ல சொல்றேன்'னு."